விலை சொல்லத் தயங்கும் நாக்கு: சிறுதொழில் கேள்வி–பதில்

இம்முறை வந்த கடிதங்களைப் பிரித்து அடுக்கியபோது, கடன் எங்கே கிடைக்கும், இயந்திரம் எங்கே வாங்கலாம் என்ற வழக்கமான கேள்விகள் குறைவாகவே இருந்தன. செய்த பொருளை இன்னொருவரிடம் கொண்டுபோய்க் காட்டி விலை சொல்வதற்கு உள்ள அச்சத்தைப் பற்றியே பெரும்பாலானோர் எழுதியிருந்தார்கள். மும்பையிலும் புறநகர்களிலும் தொழில் நடத்தும் நம்மவர்களிடம் கைத்திறனுக்குக் குறைவில்லை. விற்கும் இடத்தில்தான் பலர் நின்றுவிடுகிறார்கள் என்பதால் இந்தப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் எல்லோருக்கும் ஊரை மட்டும் குறிப்பிட்டிருக்கிறேன்.

சயான் கோலிவாடா வாசகி: திருமணமாகி மும்பைக்கு வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. வீட்டிலேயே இட்லிப் பொடி, பருப்புப் பொடி, கைமுறுக்கு ஆகியவற்றைச் செய்து தெரிந்தவர்களுக்குக் கொடுத்துவருகிறேன். சாப்பிட்டவர்கள் எல்லோரும் பாராட்டுகிறார்கள். மாட்டுங்கா கடைகளில் கொடுத்துப் பாருங்கள் என்று மகன் சொல்கிறான். பாக்கெட்டுகளைப் பையில் எடுத்துக்கொண்டு பலமுறை போய்விட்டேன். கடை வாசல்வரை போவேன், பிறகு பூ வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவேன். இந்தியும் சரளமாக வராது. தெரிந்தவர்கள் விலை கேட்டால்கூட, "உங்களுக்கு எது தோன்றுகிறதோ அதைக் கொடுங்கள்" என்று சொல்லிவிடுகிறேன். ஒருவரிடம் போய் வாங்கச் சொல்வது கை நீட்டுவது போல இருக்கிறது. இந்தக் கூச்சம் எனக்குப் போகுமா?

பதில்: போகும் அம்மா. ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். நம் வீடுகளில் சாப்பாடு என்பது விருந்தோடு சேர்ந்த விஷயம். வந்தவருக்கு இலை போடாமல் அனுப்பக் கூடாது, போட்ட சோற்றுக்குக் கணக்குச் சொல்லக் கூடாது என்று கேட்டே வளர்ந்த ஒரு பெண், அதே கையால் செய்த பொடிக்கு விலை சொல்ல நேரும்போது தடுமாறுவது இயல்பு. அது நல்ல வளர்ப்பின் பக்கவிளைவு, அதற்காக வெட்கப்பட வேண்டாம். ஆனால் விருந்தையும் வியாபாரத்தையும் நீங்கள் இன்னும் பிரித்து வைக்கவில்லை. வீட்டுக்கு வருகிறவருக்கு முறுக்கைத் தட்டில் வைத்துக் கொடுங்கள், அதற்கு விலை கிடையாது. உறையிலிட்டு, எடை போட்டு, லேபிள் ஒட்டிய பாக்கெட்டுக்கு விலை உண்டு, அது அக்காள் மகளுக்கும் உண்டு. அவளுக்கு இலவசமாகக் கொடுக்க விரும்பினால் பரிசு என்று சொல்லிக் கொடுத்துவிடுங்கள். "தோன்றியதைக் கொடுங்கள்" என்று மட்டும் சொல்லாதீர்கள், அது வாங்குகிறவரையும் சங்கடத்தில் தள்ளுகிறது.

கை நீட்டுவது போல இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இதே மும்பையில், கிர்காவில், 1959ஆம் ஆண்டு ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி அப்பளம் இட்டார்கள். அதைப் புலேஷ்வரில் தங்களுக்குத் தெரிந்த ஒரு வியாபாரியிடம் கொண்டுபோய் விற்றார்கள். அதுதான் பின்னாளில் லிஜ்ஜத் அப்பளமாக நாடு முழுவதும் அறியப்பட்டது. அந்த எழுவரில் ஒருவரான ஜஸ்வந்திபென் போபட்டுக்கு 2021இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. நட்டமே வந்தாலும் யாரிடமும் நன்கொடை கேட்பதில்லை என்று அவர்கள் தொடக்கத்திலேயே முடிவு செய்தார்கள் என்பதை நீங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். நன்கொடை கேட்க மாட்டோம் என்று உறுதியாக இருந்த அதே பெண்கள் அப்பளத்தை எடுத்துக்கொண்டு கடைக்குப் போகத் தயங்கவில்லை. பொருளைக் கொடுத்துப் பணம் வாங்குவது வேறு, கை நீட்டுவது வேறு என்று அவர்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. உங்கள் பொடியை வாங்கிவைக்கும் கடைக்காரர் உங்களுக்கு உதவி செய்யவில்லை. அவருக்கு அதில் லாபம் இருக்கிறது. இன்று அவர் அலமாரியில் இருக்கும் பொடி, வடகம், ஊறுகாய் எல்லாம் என்றோ ஒருநாள் யாரோ ஒருவர் சாம்பிள் கொண்டுவந்து காட்டியதால்தான் அங்கே இருக்கின்றன.

அடுத்தது விலை. வாயால் சொல்வதற்கு முன் அதைத் தாளில் எழுதிவிடுங்கள். பருப்பு, மிளகாய், எள், எண்ணெய், எரிவாயு, உறை, லேபிள் எல்லாம் சேர்ந்து 200 கிராம் பாக்கெட்டுக்கு 58 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். வறுத்து அரைத்துப் பொட்டலம் கட்டும் உங்கள் உழைப்புக்கு 20 ரூபாய் போடுங்கள். நம் பெண்கள் எழுதாமல் விட்டுவிடும் வரி இதுதான், தயவுசெய்து அதை விடாதீர்கள். ஆக 78 ரூபாய். பாக்கெட்டின் மேல் 130 ரூபாய் அச்சிட்டு, கடைக்காரர் 25 சதவீதம் எடுத்துக்கொண்டால் உங்களுக்கு 97 ரூபாய் 50 காசு வரும். மீதி 19 ரூபாய் 50 காசில் ரயில் செலவு, விற்காமல் திரும்பும் பாக்கெட், உங்கள் லாபம் எல்லாம் அடங்க வேண்டும். இந்தக் கணக்கைச் சொந்தக் கையால் போட்டவருக்கு, "நூறுக்குக் கொடுப்பீர்களா?" என்று கடைக்கு வெளியே ஒருவர் கேட்டால் என்ன சொல்வது என்று தெரியும். கணக்குப் போடாதவருக்குத்தான் அந்த இடத்தில் நாக்குக் குழறும்.

விலையை அச்சிட்டுவிட்டால் உங்கள் சுமையில் பாதியை லேபிளே சுமந்துகொள்ளும். சட்டமும் அதைக் கேட்கிறது. பாக்கெட்டில் அடைத்து விற்கும் உணவுப் பொருளில் அதிகபட்ச சில்லறை விலை, நிகர எடை, சேர்ந்துள்ள பொருள்கள், தயாரித்த தேதி, எதுவரை பயன்படுத்தலாம் என்ற விவரம், உங்கள் முகவரி, சைவத்துக்கான பச்சைக் குறி ஆகியவை இருக்க வேண்டும். உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யிடம் பதிவு செய்து பெறும் 14 இலக்க எண்ணும் இருக்க வேண்டும். வீட்டில் செய்து விற்பவர்களும் இந்தப் பதிவைப் பெற்றாக வேண்டும். கடைக்காரர் பாக்கெட்டைக் கையில் வாங்கியதும் முதலில் திருப்பிப் பார்ப்பது இந்த எண்ணைத்தான். அது இல்லாமல் போய் மறுக்கப்பட்டு, தன் பொடியே நன்றாக இல்லையோ என்று மனம் வாடிய பெண்களை நான் பார்த்திருக்கிறேன்.

கடை வாசலில் நின்றுவிட்டுத் திரும்புவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். அச்சத்தைப் படிப்படியாகக் குறைக்கும் ஒரு முறையை ஜோசப் வோல்பி என்ற மனநல மருத்துவர் 1950களில் வகுத்தார். பயப்படும் விஷயங்களைச் சிறியதிலிருந்து பெரியது வரை வரிசைப்படுத்தி, சிறியதில் மனம் அமைதியடைந்த பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும் என்பது அதன் சாரம். பயந்த இடத்திலிருந்து பாதியில் திரும்பிவிட்டால் அந்தக் கணத்தில் நிம்மதி கிடைக்கும். ஆனால் அந்த நிம்மதியே அடுத்த முறை இன்னும் சீக்கிரமாகத் திரும்பச் சொல்லும். பூ வாங்கிக்கொண்டு ஒவ்வொரு முறை திரும்பும்போதும் உங்கள் அச்சம் சற்று வளர்ந்திருக்கிறது. எனவே மாட்டுங்காவைக் கொஞ்ச நாள் மறந்துவிடுங்கள். முதல் வாரம், கேட்கிற பக்கத்து வீட்டாரிடம் அச்சிட்ட விலையைச் சொல்லுங்கள். சொன்ன பிறகு, "குறைத்துக்கொள்ளலாம்", "பரவாயில்லை" என்று எதையும் சேர்க்காமல் பேசாமல் இருங்கள். அந்தச் சில நொடி அமைதிதான் விற்பனையிலேயே கடினமான இடம், பாதிப் பேர் அங்கேதான் தாங்களாகவே விலையைக் குறைத்துவிடுகிறார்கள். அடுத்த வாரம், நீங்கள் மாதாமாதம் மளிகை வாங்கும் கடையில், வாங்குகிறவராகவே நின்று, எந்தப் பொடி அதிகம் போகிறது, எது அடிக்கடி தீர்ந்துபோகிறது என்று கேளுங்கள். அதே கடைக்காரரிடம் அதற்கடுத்த வாரம் இரண்டு பாக்கெட் கொடுங்கள். அவர் முகம் உங்களுக்குப் பழக்கம், உங்கள் முகம் அவருக்குப் பழக்கம். புலேஷ்வர் வியாபாரியிடம் அந்தப் பெண்கள் போனதும் இப்படித்தான்.

மாட்டுங்காவுக்குப் போகும் நாளில் காலை நெரிசல் தணிந்த நேரமாகப் பாருங்கள். தென்னிந்தியப் பொருள் விற்கும் கடைகள் பலவற்றில் தமிழிலேயே பேசிவிடலாம். இந்திதான் வேண்டும் என்றால் மூன்றே வாக்கியம் போதும்: "மை சயான் கோலிவாடா சே ஆயி ஹூம். கர் மே இட்லி பொடி பனாத்தி ஹூம். ஏக் சாம்பிள் சக் கே தேக்கியே." (சயான் கோலிவாடாவிலிருந்து வருகிறேன், வீட்டில் இட்லிப் பொடி செய்கிறேன், ஒரு சாம்பிளைச் சுவைத்துப் பாருங்கள்.) வீட்டில் சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள், மனசுக்குள் சொல்லிப் பார்ப்பது போதாது. நெஞ்சு படபடக்கும், வாய் உலரும். அவை வந்தால் வரட்டும், பேசி முடிப்பதற்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். "ரக் தோ, பிக்கேகா தோ பைசா லே ஜானா" என்பது கடைக்காரர்கள் அடிக்கடி தரும் பதில், அதாவது வைத்துவிட்டுப் போ, விற்றால் பணம் என்பார்கள். ஒப்புக்கொள்ளலாம், ஆனால் ஆறு பாக்கெட்டுக்கு மேல் வேண்டாம். எண்ணிக்கையையும் திரும்ப வரும் தேதியையும் நோட்டில் எழுதி அவர் கண்ணெதிரே காட்டுங்கள். வேண்டாம் என்றால், "எந்தச் சாமான் உங்களுக்குச் சரியாக வருவதில்லை?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு வாருங்கள். அலமாரியில் இடமில்லை, பழைய சரக்கு தேங்கிக் கிடக்கிறது, பையன் இன்று வேலைக்கு வரவில்லை என்று மறுப்புக்கு எத்தனையோ காரணங்கள் உண்டு. உங்கள் பொடியைச் சுவைக்காமலே சொன்ன மறுப்பு உங்கள் கைப்பக்குவத்தைப் பற்றிய தீர்ப்பாக முடியாது.

தாராவி வாசகர்: அப்பா தோல் தைக்கும் தொழிலாளி. நான் நான்கு பேரை வைத்துச் சிறிய பட்டறை நடத்துகிறேன். இதுவரை ஏற்றுமதி செய்பவர்கள் தரும் வேலையைக் கூலிக்கு முடித்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க்தான். இப்போது சொந்தமாகப் பர்ஸ், லேப்டாப் பை செய்கிறேன். தீபாவளிப் பரிசாக அலுவலகங்களுக்குக் கொடுக்கலாம் என்று நினைத்துத் தொலைபேசி எண்கள் சேகரித்திருக்கிறேன். ஆனால் போனைக் கையில் எடுத்தால் நடுக்கம் வருகிறது. ஆங்கிலம் குறைவு. தாராவி என்று சொன்னால் வைத்துவிடுவார்களோ என்றும் தோன்றுகிறது.

பதில்: தம்பி, கடைசியில் சொன்னதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். தோல் பொருள் என்றால் தாராவி என்ற பெயர் உங்களுக்குப் பலம். சயான்–பாந்திரா இணைப்புச் சாலையோரத் தோல் கடைகளுக்கு நகரத்தின் பல பகுதிகளிலிருந்தும் ஆட்கள் தேடி வந்து வாங்குகிறார்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த நம்மவர்கள் தலைமுறைகளாக வளர்த்த தொழில் இது. நீங்கள் விற்க நினைக்கும் அலுவலகங்களில் பல பாந்திரா–குர்லா வளாகத்தில் இருக்கின்றன, மித்தி ஆற்றைத் தாண்டினால் வந்துவிடும். "நாங்களே தைக்கிறோம், நாளைக்கே நேரில் கொண்டுவந்து காட்டுகிறோம், தையலில் குறை இருந்தால் அன்றே சரிசெய்து தருகிறோம்" என்று வேறு ஊரிலிருந்து சரக்கு வரவழைத்து விற்பவர் சொல்ல முடியாது. தாராவியிலிருந்து பேசுகிறேன் என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். மறைத்து வைத்துக்கொண்டு பேசினால் எப்போது தெரிந்துவிடுமோ என்ற கவலையும் சேர்ந்துகொள்ளும்.

தொலைபேசியில் பர்ஸை விற்க முயலாதீர்கள். அந்த அழைப்பின் நோக்கம், பரிசுப் பொருள் வாங்கும் பொறுப்பு யாரிடம் இருக்கிறது என்று அறிவதும், சாம்பிள் காட்டப் பத்து நிமிடம் கேட்பதும் மட்டுமே. அதற்கு நிறைய ஆங்கிலம் தேவையில்லை, இந்தியிலேயே பேசலாம். அட்மின் பிரிவில் இருப்பவர்கள் நாள் முழுக்க இப்படிப்பட்ட விற்பனையாளர்களோடு பேசிக்கொண்டிருப்பவர்கள், மொழியை எடைபோட அவர்களுக்கு நேரமில்லை. 2008இல் பிரான்சிஸ் ஃப்ளின், வெனெஸா லேக் என்ற இருவர் வெளியிட்ட ஓர் ஆய்வு உங்கள் நடுக்கத்துக்குப் பொருந்தும். முன்பின் தெரியாதவர்களிடம் போய் ஒரு வினாத்தாளை நிரப்பித் தரச் சொல்லுங்கள் என்று சிலரை அனுப்பினார்கள். எத்தனை பேரைக் கேட்க வேண்டியிருக்கும் என்று போகுமுன் ஊகிக்கச் சொன்னபோது, உண்மையில் தேவைப்பட்டதைப் போல ஏறத்தாழ இருமடங்கு சொன்னார்கள். அது சிறு உதவி கேட்பதைப் பற்றிய ஆய்வு, வியாபாரத்தைப் பற்றியதல்ல என்பதால் கேட்டவரெல்லாம் வாங்குவார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கேட்கப் போகிறவர் மனத்தில் மறுப்பு அதன் உண்மையான அளவைவிடப் பெரிதாகத் தெரிகிறது என்பதற்கு அது நல்ல சான்று. பத்து நிமிடம் கேட்பதும் சிறு உதவிதானே.

இனி நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது வேறொன்று. எல்லா அச்சத்தையும் துரத்திவிடக் கூடாது, சிலவற்றை விசாரிக்க வேண்டும். உங்கள் நடுக்கத்தின் ஒரு பகுதி, அவர்கள் சரி என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்பதாக இருக்கலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவர் ஒரு நாளைக்கு ஆறு பர்ஸ் முடிப்பதாக வைத்துக்கொண்டால் நான்கு பேரால் 24 முடியும். 300 பர்ஸுக்கான ஆர்டர் வந்தால் பதின்மூன்று நாள். உங்களுக்குச் சோறு போடும் ஜாப் ஒர்க்கை நிறுத்தாமல் பாதி நேரம் மட்டும் இதற்கு ஒதுக்கினால் 25 வேலைநாள். அதற்கு மேல் நிறுவனத்தின் முத்திரை பதிப்பது, பெட்டி, சரிபார்ப்பு எல்லாம் இருக்கின்றன. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் கைவேலைக்கு ஆள் கிடைப்பதும் கடினம், பலர் ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். ஆகவே கோடை முடிந்ததுமே அழைப்புகளைத் தொடங்கிவிடுங்கள். குறைந்தது எத்தனை, அதிகபட்சம் எத்தனை, எந்தத் தேதிக்குள் என்று மூன்றையும் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டு அதைப் பார்த்துக்கொண்டே பேசுங்கள். முடியாத எண்ணிக்கை கேட்டால் முடியாது என்று சொல்லும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. அந்த உரிமை நினைவில் இருந்தால் குரலில் நடுக்கம் வெகுவாகக் குறையும்.

சாம்பிள் காட்டும்போது வெளிப்புறம் பஃப் தோல் (எருமைத் தோல்), உள்ளே இருப்பது ரெக்ஸின் என்றால் அவர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். மழைக்காலத்தில் காற்றோட்டமில்லாத அலமாரியில் வைத்தால் பூஞ்சை பிடிக்கும் என்பதையும், எப்படித் துடைத்து வைப்பது என்பதையும் சொல்லுங்கள். குறையையும் நிறையையும் சேர்த்துச் சொல்பவரின் விலையை வாங்குகிறவர் அவ்வளவாகச் சந்தேகிப்பதில்லை. ஆர்டர் உறுதியானால் பாதித் தொகையை முன்பணமாகக் கேளுங்கள். தோல் வாங்கவே அது தேவைப்படும் என்று காரணத்தோடு கேட்டால் போதும்.

டோம்பிவிலி வாசகர்: மின்சார பேனல்களுக்கான உதிரிபாகங்களைச் செய்து ஒரு நிறுவனத்துக்குக் கொடுத்துவருகிறேன். விற்பதில் எனக்குத் தயக்கம் இல்லை, விற்ற பணத்தைக் கேட்பதில்தான் இருக்கிறது. நான்கு மாத பாக்கி நிற்கிறது. அழுத்திக் கேட்டால் அடுத்த ஆர்டர் போய்விடும் என்று பயம்.

பதில்: பணம் வந்து சேரும்வரை விற்பனை முடியவில்லை ஐயா. உங்களுடையதும் இந்த அச்சத்தின் ஒரு முகம்தான். நான்கு மாதம் பணம் தராத ஒருவருக்கு நீங்கள் வட்டியில்லாக் கடன் கொடுத்திருக்கிறீர்கள், அதற்காக நீங்கள் வெளியே வட்டிக்கு வாங்கிக்கொண்டும் இருக்கலாம்.

உங்கள் பக்கம் சட்டம் தெளிவாக இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு மற்றும் நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டத்தின்படி, குறு அல்லது சிறு நிறுவனத்திடமிருந்து பொருளை ஏற்றுக்கொண்டவர், எழுத்துபூர்வமாக ஒப்புக்கொண்ட தேதிக்குள் பணம் தர வேண்டும், அந்தக் கெடு எக்காரணத்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. ஒப்பந்தம் எதுவும் இல்லையென்றால் 15 நாள்தான். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மும்மடங்கு வட்டியை, மாதந்தோறும் கூட்டுவட்டியாகக் கணக்கிட்டுத் தர வேண்டும். வருமான வரியிலும் 2024 ஏப்ரல் 1 முதல் ஒரு மாற்றம் வந்தது. இந்தக் கெடுவுக்குள் குறு, சிறு நிறுவனத்துக்குப் பணம் தராத நிறுவனம், அந்தத் தொகையைச் செலவாகக் காட்டி வரி குறைத்துக்கொள்வது உண்மையில் பணம் கொடுத்த ஆண்டில்தான் முடியும். ஆகவே நிதியாண்டு முடியும் மார்ச் மாதத்தில் உங்கள் பாக்கியைத் தீர்ப்பதில் அவர்களுடைய கணக்காளருக்கும் அக்கறை இருக்கும். இந்தப் பாதுகாப்பைக் கோருவதற்கு, சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவு உங்களிடம் இருப்பது அவசியம். அது இலவசம், இணையத்திலேயே செய்துகொள்ளலாம். இதுவரை செய்யவில்லை என்றால் அடுத்த பில் போடுவதற்கு முன் செய்துவிடுங்கள். புகார் செய்வதற்காக 2017இல் 'சமாதான்' என்ற அரசு இணையதளம் தொடங்கப்பட்டது, இத்தகைய பாக்கித் தகராறுகளை விசாரிக்கும் மாநிலத்தின் வசதியாக்க மன்றமும் இருக்கிறது.

ஆனால் முதல் நாளே சட்டத்தை எடுத்துக்கொண்டு போகச் சொல்ல மாட்டேன். வாங்கும் பிரிவு அதிகாரியிடம் மன்றாடாதீர்கள், பணம் அவர் கையில் இல்லை. கணக்குப் பிரிவில் யார் உங்கள் பில்லைப் பார்க்கிறார் என்று விசாரித்து, பில் எண், தேதி, தொகை மூன்றையும் ஒரே கடிதத்தில் எழுதி, "இந்த மாதம் எந்தத் தேதியில் வரவு வைப்பீர்கள்?" என்று தேதியைக் கேளுங்கள். பணம் எப்போது வரும் என்று பொதுவாகக் கேட்டால் சீக்கிரம் என்ற பதில்தான் வரும், தேதி கேட்டால் தேதியைத்தான் சொல்ல வேண்டியிருக்கும். இனிவரும் பில்களின் கீழ்ப்பகுதியில் உத்யம் எண்ணையும் 45 நாள் கெடுவையும் அச்சிட்டுவிடுங்கள். அது யாரையும் புண்படுத்தாது, கேட்க வேண்டியதை உங்களுக்காகக் காகிதமே கேட்டுவிடும். அடுத்த ஆர்டர் போய்விடும் என்ற அச்சத்துக்கு என் கருத்து இதுதான்: பாக்கி தீரும்வரை புதிய சரக்கின் அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள், அந்த நேரத்தில் இரண்டாவது வாடிக்கையாளரைத் தேடுங்கள். ஒரே ஒருவரை நம்பித் தொழில் நடக்கும்வரை உங்களுக்குக் கேட்கும் துணிவு முழுதாக வராது, அதில் உங்கள் குற்றம் எதுவும் இல்லை.

நெருல் வாசகி: ஆரி வேலைப்பாட்டுடன் ரவிக்கை தைக்கிறேன். நேரில் பேசினால் எனக்கு வார்த்தை வராது. வாட்ஸ்அப்பில் படம் போட்டு மட்டுமே விற்றுவிட முடியுமா?

பதில்: ஓரளவு முடியும். பழைய வாடிக்கையாளர்களைத் தக்கவைக்க அது போதும். வாட்ஸ்அப் பிசினஸில் ஒவ்வொரு படத்தின் கீழும் விலையையும் தைத்துத் தர ஆகும் நாட்களையும் எழுதிவிடுங்கள். "விலைக்குத் தனியாகக் கேளுங்கள்" என்று போட்டால் பாதிப் பேர் கேட்காமலே போய்விடுவார்கள். ஆனால் ஆரி வேலையின் நெருக்கமும் உள்பக்க முடிச்சின் சுத்தமும் படத்தில் தெரியாது, கையில் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். அதற்காக நீங்கள் அதிகம் பேச வேண்டும் என்பதும் இல்லை. கடலூரில் 1983இல் 15,000 ரூபாயோடு தொழில் தொடங்கிய, சிக் ஷாம்புவின் நிறுவனர் சி.கே. ரங்கநாதனின் நிறுவனம், ஷாம்பு பழக்கமில்லாத கிராமங்களில் அதை விற்கப் போனபோது, ஒரு சிறுவனின் தலையை எல்லோர் முன்னிலையிலும் அலசிக் காட்டி, முடியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னது. பொருளைத் தொட்டுப் பார்க்கக் கொடுத்துவிட்டால் நீங்கள் பேச வேண்டியது மிகக் குறைவு. நவராத்திரிக் கொலுவுக்கு உங்கள் சொசைட்டியில் பெண்கள் வீடுவீடாக வரும் நாட்களில், முடித்த ரவிக்கைகள் நான்கை, ஒன்றை உள்பக்கம் தெரியும்படி திருப்பி, விலைச்சீட்டோடு ஒரு மேசையில் வைத்துவிடுங்கள். கேட்கிறவர்களுக்கு விலையையும் முடித்துத் தரும் நாளையும் மட்டும் சொல்லுங்கள். அளவு எடுக்க எப்போது வரலாம் என்பதை அவர்களே கேட்பார்கள். அதற்குச் சொல்ல ஒரு கிழமையையும் நேரத்தையும் முன்கூட்டியே முடிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள்.